நகையாக மாறிய வறுமை

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளை நிரல்படுத்தும்போது நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைத்தார். பின்னர் ஒவ்வொரு மெய்ப்பாடும் எவ்வெவற்றை நிலைக்களனாகக் கொண்டு பிறக்கும் என்றும் வகுத்துக் காட்டினார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகைக்கு உரியவை. இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கும் அழுகைக்கு உரியவை. இவ்விரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு ஒரு செய்தி புலப்படும். வறுமை அழுகையின் பட்டியலில் இருக்கிறது. நகையின் பட்டியலில் அதற்கு இடம் இல்லை.

ஆனால் தமிழ் எழுத்தாளர்கள் தம் தொழிலையும் தம் வீட்டு அடுப்பையும் பற்றி எழுத முற்பட்டபோது, இந்த வறுமையை அழுகையின் பட்டியலிலிருந்து எடுத்து நகையின் பட்டியலுக்கு அடிக்கடி கொண்டு வந்திருக்கிறார்கள். மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராகக் காலம் தள்ளும் என் போன்றோர்க்கு 'இடமாற்றம்' என்ற சொல் நன்கு பழகிய ஒன்று. எந்த இடமாற்றத்துக்கும் ஓர் ஆணையும் ஒரு காரணமும் இருக்கும். வறுமைக்குக் கிடைத்த இந்த இடமாற்றத்துக்கு யார் ஆணையிட்டார்கள், காரணம் என்ன, அதனால் இலக்கியத்துக்கு விளைந்தது ஆதாயமா இழப்பா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

'எழுத்தர்', 'எழுத்தாளர்' என்னும் இரு சொற்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகச் சிறியது. முன்னவர் பிறர் சொன்னதை எழுதி மாதக் கடைசியில் சம்பளம் பெறுகிறார். பின்னவர் தாம் நினைத்ததை எழுதுகிறார். மாதக் கடைசி அவருக்கும் தவறாமல் வருகிறது, சம்பளந்தான் வருவதில்லை. இந்தச் சிறு வேறுபாட்டில்தான் நாம் பேச வந்த நகைச்சுவை முழுவதும் அடங்கியிருக்கிறது.

பரிசில் வாழ்க்கை

புலவர் வீட்டு வறுமை தமிழுக்குப் புதியதன்று. சிறுபாணாற்றுப்படையில் நாய் குட்டி ஈன்று கிடக்கும் அடுக்களையையும், உப்பில்லாமல் வெந்த கீரையைப் பிறர் காணாதவாறு கதவடைத்து உண்ணும் சுற்றத்தையும் காண்கிறோம். அங்கே சிரிப்பு இல்லை, நாணம் இருக்கிறது. கதவை அடைத்த அந்தக் கைதான் அப்பகுதியின் உயிர்.

குமணனிடம் பரிசில் வேண்டி நின்ற பெருஞ்சித்திரனாரின் பாட்டொன்றில் (புறம் 160) நிலைமை சற்றே மாறுகிறது. பாலுக்கு அழும் குழந்தையைத் தாய் ஆற்ற முயல்கிறாள். புலி வருகிறது என்று அச்சுறுத்திப் பார்க்கிறாள், நிலவைக் காட்டிப் பார்க்கிறாள், எதுவும் பலிக்கவில்லை. இறுதியாக, உன் தந்தையை நினைத்து எப்படிச் சினந்து கொள்வாய், அதைக் காட்டு என்று கேட்கிறாள். அழுகின்ற குழந்தையை நடிக்கச் சொல்கிறாள். அந்த நடிப்பு யாரை நோக்கியது? பாடலைப் பாடிக்கொண்டு அரசன் முன் நிற்கும் அந்தத் தந்தையை நோக்கியதே. தம் வீட்டில் தாமே எள்ளலுக்கு இலக்காகும் காட்சியைப் புலவர் தாமே அவையில் எடுத்துக் கூறுகிறார். கண்ணீரின் நடுவே ஒரு சிறு முறுவல் தோன்றி மறைகிறது. எழுத்தாளன் தன்னையே நகைக்குப் பொருளாக்கிய முறைக்குத் தமிழில் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

இவ்வாறு பாடியவர் தம் மதிப்பை இழந்தவரும் அல்லர். அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை, தாம் பாட்டை விற்கும் வணிகர் அல்லர் என்று கூறி ஏற்க மறுத்தவரும் இதே பெருஞ்சித்திரனார்தாம் (புறம் 208). சிரிக்கத் தெரிந்தவருக்கு மறுக்கவும் தெரிந்திருந்தது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

பிற்காலத் தனிப்பாடல்களில் வள்ளலின் கை சுருங்கிவிட்டது. இராமச்சந்திரக் கவிராயரின் ஒரு பாடல் பலரும் அறிந்தது. கல்லாதவனைக் கற்றவன் என்றும், வலிமையற்ற தோளை மல்தோள் என்றும், கொடாதவனை வள்ளல் என்றும் அவர் புகழ்ந்து பாடினாராம். இல்லாததையெல்லாம் சொன்ன புலவருக்கு அச்செல்வன் 'இல்லை' என்ற சொல்லையே பரிசிலாகத் தந்து அனுப்பினான் என்று பாடல் முடிகிறது. இதில் கஞ்சனைச் சாடும் எள்ளல் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பாடல் நிற்பது அந்த எள்ளலால் அன்று. கூலிக்குப் பொய் சொன்னேன் என்று புலவர் தம்மையும் அதே தட்டில் ஏற்றி நிறுத்துவதால் நிற்கிறது. கணக்கு நேராகிவிட்டது என்பதே அவர் சிரிப்பின் பொருள்.

எட்டயபுரத்திலிருந்து சென்னைக்கு

பரிசில் வாழ்க்கையின் கடைசி நாள்களை உள்ளிருந்து கண்டு, அதை விட்டு வெளியேறி, வெளியே நின்று சிரித்தவர் பாரதியார். எட்டயபுரம் சமஸ்தானத்தில் பணிபுரிந்த அவர் 1904இல் அதை விட்டு மதுரைக்குச் சென்று சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்து, பின் சென்னையில் 'சுதேசமித்திரன்' நாளிதழில் சேர்ந்தார். அரண்மனையிலிருந்து அச்சகத்துக்கு அவர் நடந்த இந்த வழியே தமிழ் எழுத்தாளரின் பிழைப்பு மாறிய வழியும் ஆகும்.

அவருடைய 'சின்னச் சங்கரன் கதை' முற்றுப்பெறாத ஒன்று. முற்றுப்பெறாத நிலையிலும் அது நம் நகைச்சுவை உரைநடையின் உயர்ந்த சாதனைகளுள் ஒன்று. ஜமீன்தாரின் பெயருக்கு முன்னால் வரிசையாக நிற்கும் பட்டங்களும், அவருடைய அவையில் கூடிப் புகழ்பாடும் புலவர்களும், இளம் வயதிலேயே பாட்டுக் கட்டப் பழகிவிட்ட சங்கரனும் அதில் நடமாடுகிறார்கள். பட்டத்தின் நீளம் ஒன்றே போதும்; அதை வாய்விட்டுப் படிப்பவர் முடிக்கும் முன் சிரித்துவிடுவார். ஆயினும் சங்கரன் யார் என்பதை நாம் அறிவோம். தம் இளமையையே ஒரு பாத்திரமாக்கி அரண்மனை வாசலில் நிறுத்துகிறார் பாரதியார். பழைய தனிப்பாடல் புலவர் கொடாத செல்வனைப் பார்த்துச் சிரித்தார். பாரதியாரோ, கொடுக்கின்ற செல்வனையும் வாங்குகின்ற புலவனையும் ஒருசேரப் பார்த்துச் சிரிக்கிறார். கொடை கிடைத்தாலும் அந்த வாழ்க்கை நகைப்புக்குரியதே என்னும் தெளிவு இங்கேதான் பிறக்கிறது.

புதுமைப்பித்தனின் இரு கதைகள்

வள்ளல் போனபின் அந்த இடத்துக்கு வந்தவர் சந்தாதாரர். இந்த மாற்றத்தின் நகையை முழுமையாக அறிந்தவர் புதுமைப்பித்தன். சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயர் கொண்ட அவர் 1906இல் பிறந்தவர், தாசில்தாரின் மகன், 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றவர். அந்நாளில் தாசில்தார் மகன் பி.ஏ. படித்தால் சர்க்கார் உத்தியோகம் தேடுவதே ஊர் வழக்கம். அவ்வழியை விடுத்து 'மணிக்கொடி', 'ஊழியன்', 'தினமணி', 'தினசரி' என்று பத்திரிகைகளில் உழைத்து, பின் திரைப்படத் துறைக்கும் சென்று, 1948இல் காசநோயால் மறைந்தார். அவருடைய கதைகளுள் எழுத்தாளர் பிழைப்பை நேராக நோக்குபவை இரண்டு. ஒன்று, 1937இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்த 'ஒரு நாள் கழிந்தது'. மற்றொன்று, 1943இல் 'கலைமகள்' வெளியிட்ட 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'.

முதற்கதையின் நாயகர் முருகதாசர் என்னும் எழுத்தாளர். சென்னையில் வாடகை வீடு, மனைவி கமலம், மகள் அலமு. வயிற்றுப்பாட்டுக்கு விளம்பர எழுத்து. மனத்துக்குள் எழுதப்படாத ஒரு பெரிய நாவல். கதையில் பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லை. காகிதம் எதிரில் இருக்கிறது, எழுத்து நகரவில்லை. குழந்தை தெருவில் நிற்கும் ரிக்‌ஷாவில் போய் உட்கார்ந்து கொள்கிறது. நண்பர்கள் வருகிறார்கள், அவர்களுக்குக் காப்பி கொடுத்தாக வேண்டும், அதே நண்பரிடம் சிறு கடனும் கேட்டாக வேண்டும். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு. கிடைத்ததை வைத்து அன்றைய பொழுது ஓடுகிறது. அடுத்த தேவைக்கு நாள் குறிப்பிட்டு மனைவி கேட்கிறாள். அதை அப்போது பார்த்துக் கொள்ளலாம் என்கிறார் கணவர். தலைப்பு சொல்வதும் அவ்வளவே: ஒரு நாள் கழிந்தது.

இக்கதையைப் படிப்போர் சிரிக்கிறார்கள். எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதே நம் கேள்வி. கையில் காசில்லாததைப் பார்த்தா? அன்று. தொல்காப்பியரின் நான்கு நிலைக்களன்களையும் இக்கதையின் மேல் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். எழுதாத நாவலை எண்ணி இறுமாந்திருக்கும் முருகதாசரின் உள்ளத்தில் பேதைமை இருக்கிறது. தாம் எழுத்தாளர் என்ற நினைப்பை எத்தனை அடி விழுந்தாலும் விடாத பிடிவாதத்தில் மடன் இருக்கிறது. கொண்டதை விடாமையே மடன் என்று உரையாசிரியர் சொன்னதும் இதுவே. ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கும் அலமுவிடம் இளமை இருக்கிறது. இவை அனைத்தையும் சற்றுத் தள்ளி நின்று எழுதிச் செல்லும் ஆசிரியரிடம் எள்ளல் இருக்கிறது. நான்கும் வந்துவிட்டன. வறுமை எங்கே? அது கதையின் தரையாகக் கிடக்கிறது. அதன் மேல் நடப்பவர்களின் நடையைப் பார்த்தே நாம் நகைக்கிறோம்.

எனவே தொல்காப்பியர் வகுத்த விதி பிழைபடவில்லை. வறுமை ஒருநாளும் நகையைப் பிறப்பிப்பதில்லை. வறுமையின் நடுவிலும் மனிதன் விட்டுக்கொடுக்காத ஆசை, வீம்பு, குழந்தைத்தனம் ஆகியவையே நகையைப் பிறப்பிக்கின்றன. எழுத்தாளர் வாழ்க்கை பற்றிய நகைச்சுவையில் நல்லதையும் போலியையும் பிரித்தறிய இதனையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. சிரிப்பு வறுமையின் மேல் விழுகிறதா, வறுமைக்கு வளையாத மனிதனின் மேல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். முன்னது கொடுமை, பின்னது கலை.

இரண்டாம் கதையில் வரும் கந்தசாமிப் பிள்ளை கதையோ கவிதையோ எழுதுபவர் அல்லர். 'சித்த வைத்திய தீபிகை' என்னும் மருத்துவ இதழை நடத்துபவர். ஆயினும் சந்தாவை நம்பி அச்சடிப்பவர் என்ற முறையில் அவரும் நம் கூட்டத்தைச் சேர்ந்தவரே. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுமிடத்தில் நின்று அவர் போடும் கணக்கோடு கதை தொடங்குகிறது. டிராமில் போனால் வெற்றிலைக்குக் காசு மிஞ்சும். பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரைச் சற்று ஏமாற்றினால் அரைக் கோப்பைக் காப்பிக்கு வழியுண்டு, வெற்றிலை கிடையாது. உலகத்தின் நிதியமைச்சர்கள் யாவரும் போடும் வரவு செலவுத் திட்டம் இதனினும் பெரிதாக இருக்கலாம்; இதனினும் கவனமாக இருக்க முடியாது. கணக்கு முடிவதற்குள் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார்.

பின்பு நடப்பவை யாவும் வாசகர் அறிந்தவை. காப்பியில் கலந்த சிக்கரி, கல்லாவில் ஐயத்தைக் கிளப்பும் நூறு ரூபாய் நோட்டு, ஆயுள் சந்தா என்றவுடன் யாருடைய ஆயுள் என்று எழும் கேள்வி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அழிவற்ற பரம்பொருளுக்கு ஆயுள் சந்தா இருபத்தைந்து ரூபாய் என்பது நகை. இதழும் அழிவற்றதே என்று பிள்ளை சமாதானம் சொல்வது அதனினும் பெரிய நகை. அக்காலத்தில் இதழ் நடத்திய எவரும் இந்த இடத்தில் சிரித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்திருப்பர். 'மணிக்கொடி' உள்ளிட்ட எத்தனையோ இதழ்கள் அந்த அழிவின்மையை எட்டவில்லை.

இக்கதையில் நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதி, கடவுளும் தேவியும் பிழைப்புக்காக ஆடிக் காட்டும் இடம். ஆடற்கலைக்கே மூலவர் என்று நாம் கொண்டாடும் கூத்தபிரான் சென்னையில் ஒரு பெரிய மனிதர் வீட்டில் ஆடிக் காட்டுகிறார். சாஸ்திரப்படி இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறார். கலையைப் படைத்தவனுக்கே கலைஞர் என்ற தகுதிச் சான்று கிடைக்கவில்லை. திரும்பி வந்த கதைகளை அலமாரியில் அடுக்கி வைத்திருக்கும் எழுத்தாளர் ஒருவருக்கு இதைவிட ஆறுதலான பகுதி தமிழ் இலக்கியத்தில் வேறு இல்லை. முடிவில் கடவுள் மறைந்து போகிறார். பிள்ளை பேரேட்டைத் திறந்து, கைலாசபுரத்துப் பரமசிவம் பிள்ளையின் பெயரில் சந்தாத் தொகையை வரவு வைக்கிறார். தாத்தா ஊருக்குப் போய்விட்டாரா என்று குழந்தை கேட்கிறது. கடவுள் வந்து போன நாளில் நிலைத்து நின்றவை இரண்டு: ஒரு வரவும், ஒரு குழந்தையின் கேள்வியும்.

கணக்கு வைத்திருக்கும் கை

இந்த இடத்தில் ஒரு குறையைச் சுட்டுவது திறனாய்வாளர் கடமை. எழுத்தாளர் வாழ்க்கையை நகைச்சுவையாக எழுதியவர்களுள் பலர், சிரிப்பின் பாரத்தை மனைவியின் தலையில் ஏற்றிவிட்டனர். வார இதழ்களின் துணுக்குகளில் ஒரு வழக்கமான காட்சி உண்டு. கணவர் கற்பனையில் ஆழ்ந்திருப்பார். மனைவி அரிசி இல்லை என்பாள். உடனே கற்பனை கலைந்துவிடும். அல்லது கணவரின் கைப்பிரதி பலகாரம் பொதியப் பயன்படும். இலக்கியம் அறியாதவள், சமயம் பாராமல் நச்சரிப்பவள் என்பதே அவளுக்குத் தரப்பட்ட பாத்திரம். படிப்போர் சிரித்தனர். ஆனால் அரிசி இல்லை என்பது உண்மை அல்லவா? உண்மையைச் சொன்னவள் எங்ஙனம் பேதை ஆவாள்?

மேற்கூறிய அளவுகோலால் அளந்தால் இத்துணுக்குகளின் குற்றம் தெளிவாகும். நகைக்குரிய பேதைமை கற்பனையில் ஆழ்ந்த கணவரிடம் இருக்கிறது; அதைத் தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

புதுமைப்பித்தன் இத்தவற்றைச் செய்யவில்லை என்பது அவர் பெருமைகளுள் ஒன்று. 'ஒரு நாள் கழிந்தது' கதையின் கமலம் நச்சரிப்பவள் அல்லள். அவள் கேட்பன யாவும் கேட்க வேண்டியவை. வீட்டின் உண்மையான கணக்கு அவளிடத்தில்தான் இருக்கிறது. முருகதாசரிடம் இருப்பது சமாளிப்பு மட்டுமே. கதையின் இறுதிக் கேள்வியை அவளிடமே ஆசிரியர் தந்தார். பதில் கணவருடையது, ஆனால் அப்பதிலை நாம் நம்புவதில்லை, கேள்வியையே நம்புகிறோம்.

கதைக்கு வெளியிலும் இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. புதுமைப்பித்தனின் துணைவியார் கமலா விருத்தாசலம் தாமும் சிறுகதை எழுதியவர். அவருடைய கதைகள் 'காசுமாலை' என்ற பெயரில் 1971இல் நூலாயின. பிழைப்புக்காக வெளியூரில் இருந்த காலத்தில் கணவர் அவருக்கு எழுதிய கடிதங்களும் பின்னர் நூலாக வெளிவந்து பலராலும் படிக்கப்பட்டன. ஆனால் 'காசுமாலை'யைத் தேடிப் படித்தவர் எத்தனை பேர்? எழுத்தாளர் வீட்டு வறுமையை எழுத்தாளரின் வாயாலேயே கேட்டுப் பழகிவிட்டோம். அதே வீட்டில் அதே அடுப்பின் முன் நின்றவரும் பேனா பிடித்தவர் என்பதை நினைவில் கொள்வது நம் வாசிப்பை நேர்செய்யும்.

சம்பளம் வாங்கும் எழுத்தாளர்

பரிசிலும் சந்தாவும் சோறு போடாது என்று கண்ட பின்னர், எழுத்தாளர் வேறொரு வழி கண்டார். பகலில் அலுவலகம், இரவில் எழுத்து. தில்லி போன்ற நகரங்களில் வாழும் தமிழர்க்கு இது கண்முன் நடந்த வரலாறு. அகில இந்திய வானொலியில் பணியாற்றிய தி. ஜானகிராமன், மத்திய அரசுப் பணியில் இருந்த ஆதவன், வெங்கட் சாமிநாதன் ஆகியோர் இத்தலைநகரில் கோப்புகளுக்கும் கதைகளுக்கும் இடையே வாழ்ந்தவர்களே. 1965இல் 'கணையாழி' தில்லியில் தோன்றியதற்கும் இத்தகையதோர் எழுத்துச் சூழலே பின்னணி.

அரசும் இவர்களை ஒருவாறு அறிந்தே வைத்திருந்தது. 1964ஆம் ஆண்டின் மத்தியக் குடிமைப் பணி நடத்தை விதிகளில் 15ஆம் விதி, அரசு ஊழியர் முன் அனுமதியின்றி இலக்கியப் பணியில் 'எப்போதாவது' ஈடுபடலாம் என்று இடந்தருகிறது. அலுவலகக் கடமைக்கு ஊறு நேரக்கூடாது என்பது நிபந்தனை. எப்போதாவது! கம்பருக்கு இவ்விதி பொருந்தியிருந்தால் காப்பியம் எத்தனைப் படலத்தோடு நின்றிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். விதியை வகுத்தவர் நகைச்சுவையாக எழுத எண்ணியிருக்க மாட்டார். ஆயினும் எழுத்தாளனின் இடம் எது என்பதை ஒரே சொல்லில் உணர்த்திய பெருமை அவரைச் சாரும்.

இச்சம்பளக் காலத்தின் நகையை எழுதிக் காட்டியவருள் தலையாயவர் அசோகமித்திரன். 1952 முதல் 1966 வரை ஜெமினி ஸ்டூடியோவில் பணியாற்றிய அவர், அந்நாள்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நினைவுக் கட்டுரைகள் 'மை இயர்ஸ் வித் பாஸ்' என்று நூலாயின. அதன் ஒரு பகுதி பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்று நாடு முழுவதும் மாணவர்களால் படிக்கப்பட்டது. செய்தித்தாள்களிலிருந்து செய்திகளை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது அவருடைய வேலை. நாள் முழுவதும் காகிதத்தைக் கிழித்துக் கொண்டிருப்பவருக்கு வேலையே இல்லை என்று எண்ணி, வருவோர் போவோரெல்லாம் அவருடைய அறைக்குள் நுழைந்து நீண்ட உரை நிகழ்த்திவிட்டுச் செல்வார்களாம். தமிழின் மிகச் சிறந்த எழுத்தாளர்களுள் ஒருவர், பிறர் அச்சிட்டதை வெட்டுவதற்குச் சம்பளம் பெற்றார் என்னும் முரணை அவர் ஓரிடத்திலும் சுட்டிக் காட்டுவதில்லை. நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

ஆங்கிலக் கவிஞர் ஸ்டீஃபன் ஸ்பெண்டர் ஸ்டூடியோவுக்கு வந்ததை அவர் கூறும் பகுதியும் இத்தகையதே. வந்தவர் யார், ஏன் வந்தார், என்ன பேசினார் என்பது அங்கிருந்தவர்க்கு விளங்கவில்லை. பேசியவருக்கும் எதிரே இருந்தவர்களின் நிலை விளங்கியிருக்காது. பல ஆண்டுகளுக்குப் பின் மவுண்ட் ரோடு நடைபாதையில் மலிவு விலைக்கு வாங்கிய ஒரு பழைய புத்தகத்தில் ஸ்பெண்டரின் பெயரைக் கண்டபோதுதான் அந்த வருகையின் காரணம் ஆசிரியருக்குத் தெளிவாகிறது. இங்கே எள்ளல் யார் மேலும் விழவில்லை. எழுத்து என்ற ஒன்று உலகில் எங்கோ நடந்துகொண்டிருக்கிறது, அதன் நடுவே நாம் தற்செயலாக நிற்கிறோம் என்னும் வியப்பே நகையாகிறது. மருட்கைக்கும் நகைக்கும் இடையே உள்ள வேலியை அசோகமித்திரன் ஓசைப்படாமல் நகர்த்தி வைத்துவிட்டார் எனலாம்.

வாசகரின் பங்கு

இவ்வாறு பரிசில், சந்தா, சம்பளம் என்னும் மூன்று நிலைகளிலும் எழுத்தாளர் தம் பிழைப்பைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். வறுமைக்கு இடமாற்ற ஆணை பிறப்பித்தவர் யார் என்ற தொடக்கக் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். ஆணையிட்டவர் அவரே, காரணம் தன்மதிப்பு. அழுதால் இரக்கம் கிடைக்கும். இரக்கத்தின் பின்னே பிறருடைய உயர்வும் தன்னுடைய தாழ்வும் வந்து சேரும். சிரித்தால் எதிரில் இருப்பவர் சமமானவராகிறார். கூடச் சிரிப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. காசுக் கணக்கில் தோற்றவர், மதிப்புக் கணக்கில் தோற்காமல் இருப்பதற்குக் கண்ட வழி இது.

நாமோ இதைத் தலைகீழாகப் படிக்கிறோம். நினைவுக் கூட்டங்களில் புதுமைப்பித்தன் பெயர் எழுந்தவுடன் அவருடைய வறுமையும் நோயும் பேசப்படுகின்றன; மேடையில் இருப்போர் குரல் தழுதழுக்கிறது. தாம் இறந்த பின்னர் நிதி திரட்ட வேண்டாம், கல்லில் நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டாம், வானுலகத்தவன் வந்து போனான் என்று புலம்ப வேண்டாம் என்று ஒரு பாட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனவர் அவர். நகையின் பட்டியலில் அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்ததை நாம் மீண்டும் அழுகையின் பட்டியலுக்கே மாற்றிவிடுகிறோம். அவர் படைப்புகள் 2002இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. அந்தச் சிரிப்பின் கருத்தும் அவற்றோடு நமக்கு உரிமையாகியிருக்க வேண்டும்.

மற்றொரு சாராரும் உளர். சிரித்துக்கொண்டே இருக்கிறாரே, அவருக்கு என்ன குறை என்று எண்ணி அப்பால் சென்றுவிடுபவர் அவர்கள். இவர்கள் அழுபவர்களைவிட ஆபத்தானவர்கள். எழுத்தாளன் தன் கடனைப் பார்த்துச் சிரிக்கலாம். அவனுக்குக் கடன்பட்டவர் சிரிக்கலாகாது. கந்தசாமிப் பிள்ளையின் பேரேட்டில் கடவுள் பெயரில் ஒரு வரவு இருக்கிறது. படித்த இதழை இரவல் கொடுத்துப் பத்து வீடுகளுக்கு அனுப்பிவிட்டு, இதழ் நின்று போனதும் தமிழில் தரமான இதழே இல்லையே என்று வருந்தும் நம் போன்றோர் பெயரில் அப்பேரேட்டில் என்ன இருக்கிறது என்பதைப் புரட்டிப் பார்க்க வேண்டிய பொறுப்பு வாசகருடையது.